ஜே.பி.யின் கடைசி நான்கு ஆண்டுகள்: ஒரு டயாலிசிஸ் இயந்திரமும் அதை இயக்கிய கைகளும்

ஜெயப்பிரகாஷ் நாராயண் என்றதும் உங்களுக்கு எமர்ஜென்சிதான் ஞாபகம் வரும். 1975 ஜூன் நள்ளிரவுக் கைது, 1977 தேர்தல், இந்திரா காந்தியின் தோல்வி, மத்தியில் முதல் காங்கிரஸ் அல்லாத அரசு. போட்டித் தேர்வுக்குப் படித்தவர் என்றால் 'முழுப் புரட்சி' என்ற சொல்லும் கூடவே வரும். பாடப்புத்தகம் அதோடு அவரை முடித்துவிடும்.

பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு விஷயம் இருக்கிறது. 1975 நவம்பரில் இருந்து 1979 அக்டோபரில் இறக்கும் வரை ஜே.பி.யின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. சில நாட்களுக்கு ஒருமுறை அவருடைய ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்பினால்தான் அவர் உயிரோடு இருக்க முடியும். ஜனதா கட்சி உருவானது, தேர்தல் பிரசாரம் நடந்தது, ஆட்சி மாறியது எல்லாமே இரண்டு டயாலிசிஸ்களுக்கு நடுவே கிடைத்த நாட்களில்தான்.

அந்த நாட்களை அவருக்குக் கொடுத்தவர்கள் சில டாக்டர்கள், நர்ஸ்கள், டெக்னீஷியன்கள். ஜே.பி.யின் வாழ்க்கையை அவர்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்கலாம். இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

யார் இந்த ஜே.பி.?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1902 அக்டோபர் 11 அன்று சிதாப் தியாரா என்ற கிராமத்தில் பிறந்தார். பீகாரும் உத்தரப் பிரதேசமும் தொட்டுக்கொள்ளும் இடம் அது. 18 வயதில் பிரபாவதி தேவியுடன் திருமணம். காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டவர், 1922-ல் அமெரிக்கா போனார். பழத்தோட்டத்திலும் உணவகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். கலிஃபோர்னியா, அயோவா, விஸ்கான்சின், ஒஹாயோ என்று பல்கலைக்கழகங்கள் மாறி, சமூகவியலில் முதுகலைப் பட்டத்தோடும் தலை நிறைய மார்க்சியத்தோடும் 1929-ல் திரும்பினார். அவர் அங்கே படித்த காலத்தில் பிரபாவதி காந்தியின் ஆசிரமத்தில் இருந்தார். பிரம்மச்சரிய விரதம் எடுத்திருந்தார். ஜே.பி. அதை ஏற்றுக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1942 தீபாவளி இரவு, ஜெயிலே கொண்டாட்டத்தில் இருந்த நேரம், வேட்டிகளை முடிச்சுப்போட்டு ஹசாரிபாக் சிறை மதிலைத் தாண்டித் தப்பினார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டீர்கள், ஆனால் நடந்தது. மறுபடி பிடிபட்டு லாகூர் கோட்டையில் கடும் விசாரணையை அனுபவித்தார். சுதந்திரத்துக்குப் பிறகு நேருவுக்கு அடுத்தது இவர்தான் என்று பலரும் பேசிய காலத்தில், 1954-ல் கட்சி அரசியலையே விட்டு வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்குப் போய்விட்டார். 1972-ல் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டதிலும் அவர் பங்கு உண்டு.

1973 ஏப்ரலில் பிரபாவதி புற்றுநோயால் இறந்தார். ஐம்பது வருடத் துணை. அதன்பின் ஜே.பி. தனி ஆள். வயது எழுபது. சர்க்கரை நோய் இருந்தது, இதயக் கோளாறும் இருந்தது.

வேலூர் வழியாக ஒரு புரட்சி

1974 தொடக்கத்தில் பீகார் மாணவர்கள் விலைவாசிக்கும் ஊழலுக்கும் எதிராகத் தெருவில் இறங்கினார்கள். தலைமை தாங்க ஜே.பி.யை அழைத்தார்கள், அவரும் ஒப்புக்கொண்டார். போராட்டம் சூடு பிடித்த அந்த ஏப்ரலில் அவர் பாட்னாவை விட்டு வேலூருக்குப் போக வேண்டியதாயிற்று. புராஸ்டேட் சுரப்பியில் அறுவை சிகிச்சை. இடம், சி.எம்.சி. மருத்துவமனை.

ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்கலாம். சிறுநீரகம், சிறுநீர்ப் பாதை சம்பந்தமான மருத்துவத்தில் அன்றைக்கு இந்தியாவில் சி.எம்.சி. முன்வரிசையில் இருந்தது. மூன்று வருடம் முன்பு, 1971-ல்தான் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை அங்கே நடந்திருந்தது. வட இந்தியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கும் நோயாளிக் குடும்பங்களை நீங்கள் இன்றும் பார்க்கலாம். ஜே.பி.யும் அந்த வரிசையில் ஒருவர்.

புராஸ்டேட் வீங்கினால் சிறுநீர் வெளியேறும் வழி நெருக்கப்படும். நீண்ட நாள் அப்படியே விட்டால் அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சர்க்கரை நோய் இன்னொரு பக்கமிருந்து அதே சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளை அரிக்கும். ஜே.பி.யின் சிறுநீரகங்கள் எப்போது கெட ஆரம்பித்தன என்பது வேறு விஷயம். ஆனால் இப்படிப்பட்ட உடம்போடு இருக்கும் எழுபது வயதுக்காரரின் ரத்தத்தையும் சிறுநீரையும் யாராவது தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும்.

வேலூரிலிருந்து திரும்பிய கொஞ்ச நாளில், 1974 ஜூன் 5 அன்று, பாட்னா காந்தி மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன் முழுப் புரட்சிக்கு அறைகூவல் விடுத்தார். நவம்பரில் அதே பாட்னாவில் போலீஸ் தடியடியில் சிக்கினார். தொடர்ந்து கவனிக்க வேண்டிய உடம்பு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சண்டிகரில் என்ன நடந்தது?

1975 ஜூன் 26 அதிகாலை, டெல்லி காந்தி அமைதி அறக்கட்டளையில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கைது செய்தார்கள். முதலில் ஹரியானாவின் சோனா, பிறகு டெல்லி எய்ம்ஸ், ஜூலை தொடக்கத்தில் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை. அங்கே நோயாளியும் அவர்தான், கைதியும் அவர்தான். தனி அறை, காவல். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத அந்த நாட்களில் அவர் எழுதிய சிறைக் குறிப்புகள் பின்னால் புத்தகமாக வந்தன.

அப்போது சண்டிகர் மாவட்ட மாஜிஸ்திரேட், காவலில் இருந்த ஜே.பி.க்குப் பொறுப்பாளர், எம்.ஜி. தேவசகாயம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி. காவல் காக்க வேண்டிய அதிகாரி கொஞ்சம் கொஞ்சமாக அந்த முதியவரின் நலனில் அக்கறை கொண்டவராக மாறிய கதையை அவரே பின்னாளில் புத்தகமாக எழுதியிருக்கிறார். செப்டம்பர் இறுதியில் ஜே.பி.க்குக் கடும் வயிற்றுவலி வந்தது. உடல்நிலை தேய்ந்துகொண்டே போனது. இவர் காவலிலேயே இறந்துவிடுவார் என்ற அச்சத்தை மேலிடத்துக்குத் தெரிவித்தவர்களில் தேவசகாயமும் ஒருவர். நவம்பர் 12 அன்று பரோலில் விடுவித்தார்கள்.

ஜே.பி.யின் சிறுநீரகம் காவலில்தான் கெட்டது, கெடுக்கப்பட்டது என்ற சந்தேகம் அப்போதே கிளம்பியது, விசாரணையும் நடந்தது. வேண்டுமென்றே செய்தார்கள் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. சிறுநீரக நோய் சத்தம் போடாது. வேலைத்திறன் பாதிக்கு மேல் போன பிறகும் ஆள் எழுந்து நடப்பார், பேசுவார், சாப்பிடுவார். வீக்கம், குமட்டல், களைப்பு எல்லாம் கடைசியில்தான் வரும். அதை முன்கூட்டியே பிடிக்க ஒரே வழி, ரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் தொடர்ந்து பார்ப்பது, பார்த்ததை நோயாளியிடம் ஒளிக்காமல் சொல்வது. கைதி நோயாளிக்கு இந்த இரண்டாவது பாதி எளிதில் நடக்காது. தன் நோயாளிக்குப் பதில் சொல்வதா, தனக்கு மேலே இருக்கும் அரசுக்குப் பதில் சொல்வதா என்ற நெருக்கடியில் நிற்கும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதி டாக்டர்தான். அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஜஸ்லோக்: முதல் டயாலிசிஸ்

விடுதலையான ஜே.பி. டெல்லி வழியாக நவம்பர் பிற்பகுதியில் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு, 1973-ல் அந்த மருத்துவமனையை முறைப்படி திறந்துவைத்தவர் இந்திரா காந்தி. வரலாறு சில சமயம் இப்படித்தான் கண்ணடிக்கும்.

ஜஸ்லோக்கில் அவரை ஏற்றுக்கொண்ட சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. பின்னாளில் சென்னை அப்போலோவில் பல்லாண்டு பணியாற்றிய அதே டாக்டர் மணிதான். சிறுநீரகங்கள் மீள முடியாத நிலைக்குப் போய்விட்டன, இனி வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ்தான் என்பது அங்கே தெளிவானது.

1975-ல் இந்தியாவில் இதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாடு முழுக்கத் தேடினாலும் டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனைகள் மிகச் சில. மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்னால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கத்தான் பெரும்பாலும் டயாலிசிஸ் செய்தார்கள். வருடக்கணக்கில் அதை நம்பியே ஒருவர் வாழ்வது அரிது. எழுபத்து மூன்று வயது, சர்க்கரை நோய், இதயக் கோளாறு. இப்படி ஒருவரை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று பல நாடுகளில் டாக்டர்கள் தயங்கிய காலம். இங்கே அவரை எடுத்துக்கொண்டார்கள். அவர் ஜே.பி. என்பதும் ஒரு காரணம், மறைப்பதற்கில்லை.

நான்கு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

டயாலிசிஸ் என்றால் நோயாளி படுத்திருப்பார், இயந்திரம் தானாக ஓடும் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு.

இன்றைய வழக்கப்படி ஒரு அமர்வுக்குச் சுமார் நான்கு மணி நேரம். எழுபதுகளின் இயந்திரங்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நான்கு மணி நேரத்தில் நோயாளியின் ரத்தத்துக்கு எதிர்ப்பக்கம், மெல்லிய சவ்வுக்கு அந்தப் புறம், நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் கரைசல் ஓடுகிறது. பெருக்கிப் பாருங்கள், 120 லிட்டர் வரும். அவ்வளவு தண்ணீரையும் முன்கூட்டியே சுத்தம் பண்ணி வைத்திருக்க வேண்டும். குளோரினோ அலுமினியமோ தங்கிவிட்டால் அது நேரே ரத்தத்துக்குப் போய்விடும். குடிக்கும் தண்ணீர் என்றால் குடலாவது இடையில் நிற்கும். இங்கே நடுவில் அந்த மெல்லிய சவ்வு மட்டும்தான்.

அடுத்து ஊசி. கையில் ரத்தக்குழாயைத் தயார் செய்து, ஒவ்வொரு முறையும் இரண்டு தடிமனான ஊசிகள் ஏற்ற வேண்டும். அந்த ரத்தக்குழாய் கெட்டுப்போனால் நோயாளிக்கு வழியே அடைந்த மாதிரி. அதனால் ஊசி போடும் கைக்கு இருக்கும் மதிப்பு டயாலிசிஸ் நோயாளிகளைக் கேட்டால் தெரியும். இன்றைக்கு யார் டூட்டி என்றுதான் முதலில் கேட்பார்கள். ஊசி ஏறின பிறகும் வேலை முடியாது. தேங்கிய நீரை வேகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், காலில் தசைப்பிடிப்பு வரும். குறைவாக எடுத்தால் அடுத்த முறைக்குள் மூச்சுத்திணறல். எவ்வளவு எடுப்பது என்பதை டாக்டர் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் நோயாளியின் முகம் வெளுப்பதைப் பார்த்து உடனே கையை இயந்திரத்துக்குக் கொண்டுபோவது நர்ஸோ டெக்னீஷியனோதான். நாள் முழுக்க மற்றவர் ரத்தத்தோடு புழங்கும் இவர்களுக்கு ஹெபடைட்டிஸ் தொற்றும் அபாயமும் உண்டு.

ஜே.பி. விஷயத்தில் இவ்வளவும் ஒருமுறை அல்ல, கிட்டத்தட்ட நான்கு வருடம் நடந்தது. அவர் வாழ்க்கை வரலாறுகளில் அரசியல்வாதிகளின் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். ஊசி ஏற்றிய கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே இருக்கிறார்கள்.

மக்கள் வாங்கிய இயந்திரம்

மருத்துவமனையிலேயே நிரந்தரமாக இருக்க முடியாது, பாட்னாவுக்குப் போக வேண்டும். அங்கே அவருக்கென்று ஒரு இயந்திரம் வேண்டும். வெளிநாட்டு இயந்திரம், பெரிய விலை. ஜே.பி.யிடம் சொத்து என்று ஒன்றுமில்லை. காந்தி அமைதி அறக்கட்டளை பொதுமக்களிடம் கேட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, ஜே.பி. பெயரைச் சொல்லவே ஆட்கள் பயந்த 1976 அது. அப்படியும் சிறு சிறு தொகைகளாகப் பணம் வந்து சேர்ந்தது.

இந்திரா காந்தியும் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 90,000 ரூபாய் அனுப்பினார். ஜே.பி. நன்றி சொல்லி மறுத்துவிட்டார். சாதாரண மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்ததே போதும் என்பது அவர் நிலை. சிறையில் வைத்தவர் கொடுத்த பணம் என்ற ரோஷமும் உள்ளே இருந்திருக்கும் என்று நீங்கள் ஊகித்தால் நான் மறுக்க மாட்டேன். 1976 ஜூலையில் அவர் பாட்னா திரும்பினார்.

அதற்கு முன்பே, பம்பாயில் சிகிச்சையில் இருந்தபடியே எதிர்க்கட்சிகளை ஒன்றிணைக்கும் வேலையைத் தொடங்கியிருந்தார். 1976 மே மாதம் புதிய கட்சி வரும் என்று அறிவித்தார். பல கட்சித் தலைவர்கள் அப்போது ஜெயிலில். வெளியே இருந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் பிடிக்காது. இவர்கள் எல்லோரும் மதித்த ஒரே ஆள் டயாலிசிஸ் நோயாளி.

பாட்னாவில் கதம்குவான் பகுதியில் அவர் தங்கியிருந்த வீட்டிலேயே டயாலிசிஸ் நடந்தது. வீட்டில் டயாலிசிஸ் என்பது கேட்க வசதியாக இருக்கும். கரண்ட் போகும் ஊரில், தண்ணீர் தரம் மாறிக்கொண்டே இருக்கும் ஊரில், இயந்திரம் பழுதானால் பக்கத்தில் மெக்கானிக் கிடைக்காத காலத்தில், ஒரு படுக்கையறையை மருத்துவமனையின் மூலையாக மாற்றி வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எண்ணிப் பாருங்கள். இயந்திரத்தை நன்கொடையால் வாங்கிவிடலாம். அதை வாரா வாரம் ஓட்டும் பயிற்சியையும் பொறுமையையும் அப்படி வாங்க முடியாது.

பிரசாரம், ராஜ்காட், சியாட்டில்

1977 ஜனவரி 18 அன்று இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். எதிர்க்கட்சிகளுக்கு இரண்டு மாதம்தான் அவகாசம். ஜே.பி. ஊர் ஊராகப் போனார். ஆனால் அவருடைய சுற்றுப்பயணத் திட்டத்தை முடிவு செய்தது கட்சி அலுவலகம் மட்டும் இல்லை, டயாலிசிஸ் நாட்காட்டியும்தான். இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்த ஊர், மறுநாள் இயந்திரம். டயாலிசிஸ் முடிந்த அன்று பெரும்பாலானவர்களுக்கு எழுந்து உட்காரவே மனசு வராது. உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது டயாலிசிஸில் இருந்தால் அந்தக் களைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மார்ச்சில் முடிவு வந்தது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரஸுக்கு ஒரு இடம்கூட இல்லை. (தமிழ்நாடு வேறு பக்கம் போனது. இங்கே அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணிதான் ஜெயித்தது.) மார்ச் 24 அன்று டெல்லி ராஜ்காட்டில் ஜனதா எம்.பி.க்களுக்கு ஜே.பி. உறுதிமொழி செய்துவைத்தார். பிரதமர் யார் என்ற சண்டையில் அவரும் ஆச்சார்ய கிருபளானியும் மொரார்ஜி தேசாயை முன்னிறுத்தினார்கள். தனக்கென்று எந்தப் பதவியையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் சிகிச்சைக்காக அவர் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போனார். இளைஞனாக அந்த நாட்டுப் பழத்தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர், ஐம்பது வருடத்துக்குப் பிறகு நோயாளியாகப் போகிறார். சியாட்டில் ஏன் என்றால், நீண்டகால டயாலிசிஸ் பிறந்த ஊரே அதுதான். 1960-ல் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், கையிலேயே நிலையாகப் பொருத்திவைக்கும் டெஃப்லான் குழாயை அங்கே உருவாக்கினார். அதுவரை ஒவ்வொரு முறையும் ஒரு ரத்தக்குழாயை அறுக்க வேண்டும். சில தடவைக்குப் பிறகு அறுக்க இடம் இருக்காது. அந்தச் சிறு குழாய் வந்த பிறகுதான் சிறுநீரகமே இல்லாமல் வருடக்கணக்கில் வாழலாம் என்றானது.

கூடவே ஒரு கொடுமையும் வந்தது. இயந்திரங்கள் சில, நோயாளிகள் பல. யாருக்குக் கொடுப்பது? சியாட்டிலில் ஊர்ப் பொதுமக்களைக் கொண்ட ஒரு குழுவே அமைத்தார்கள். நோயாளியின் வேலை, குடும்பம், குழந்தைகள் எண்ணிக்கை எல்லாம் பார்த்து இவர் வாழலாம், இவர் வேண்டாம் என்று அது முடிவு செய்தது. கடும் விமர்சனம் கிளம்பியது. 1972-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு டயாலிசிஸ் செலவை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் அப்படிக் குழு எதுவும் அமைக்கவில்லை. அந்த வேலையைப் பணமே செய்துகொண்டிருந்தது, டாக்டரின் வாயால். வசதி இருக்கிறதா, வீட்டை விற்க முடியுமா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் மருந்தை எழுதிக் கொடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டிய நிலை. அந்தத் துறையில் இருப்பவர்களைக் களைத்துப்போகச் செய்வது நோயைவிட இந்த உரையாடல்தான் என்று நான் நினைக்கிறேன்.

சாகாதவருக்கு அஞ்சலி

ஆட்சிக்கு வந்த ஜனதா தலைவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஜே.பி. பாட்னாவில் படுக்கையிலிருந்தபடியே கடிதம் எழுதினார், சமாதானம் பேசினார். போகப்போக அவர் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் போனது.

1979 மார்ச்சில் உடல்நிலை மோசமாகி மறுபடி ஜஸ்லோக்கில் சேர்க்கப்பட்டிருந்தார். அப்போது பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் எழுந்து ஜே.பி. இறந்துவிட்டார் என்று அறிவித்தார். வானொலியிலும் செய்தி போனது. அஞ்சலியும் செலுத்தியாயிற்று. ஆனால் பம்பாயில் ஜே.பி. உயிரோடுதான் இருந்தார். யாரோ கொடுத்த தவறான தகவல். இன்று வாட்ஸ்அப்பில் நடப்பது அன்று நாடாளுமன்றத்திலேயே நடந்தது. நாடு இரங்கல் தெரிவித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜஸ்லோக்கில் இருந்தவர்கள் தங்கள் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மீண்டு அவர் பாட்னா திரும்பினார்.

1979 அக்டோபர் 8 அதிகாலை, பாட்னா வீட்டில் காலமானார். 77 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. இருபது ஆண்டு கழித்து 1999-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள்.

டாக்டர் மணி அதன்பின் என்ன செய்தார்?

சென்னைக்கு வந்து, நாடறிந்த சிறுநீரக மருத்துவரானார். 1991-ல் பத்ம பூஷண். நாட்டின் மிகப் புகழ்பெற்ற டயாலிசிஸ் நோயாளிக்கு வைத்தியம் பார்த்தவர், இன்னும் பெரிய மையம், இன்னும் நிறைய இயந்திரம் என்றுதான் யோசித்திருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் எதிர்த்திசையில் நடந்தார்.

கணக்கு எளிது. மத்திய அரசின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கிறது. வாரத்துக்கு மூன்று அமர்வு என்றால் ஆளுக்கு வருடம் 156. மொத்தம் 3.4 கோடி அமர்வுகள் கூடுதலாகத் தேவை. இது ஒரு வருடத்துப் புது நோயாளிகளுக்கு மட்டும். 2016-ல் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது, மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் கிடைக்க ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான், நிறைய குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இயந்திரத்தை டெண்டர் விட்டு வாங்குகிற வேகத்தில் அதை இயக்கும் ஆளை உருவாக்க முடியாது. டயாலிசிஸ் டெக்னீஷியன் என்ற தொழிலையும் உள்ளடக்கி, துணை மருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்ததே 2021-ல்தான். ஜே.பி.யின் கையில் ஊசி ஏறி 45 வருடம் கழித்து. அதுவரை யார் படித்தவர், எங்கே படித்தார், என்ன தகுதி என்பதை நாடு முழுக்க ஒரே மாதிரி வரையறுக்க ஒரு தேசிய அமைப்பே இல்லை.

மணி இதையெல்லாம் வெகு முன்பே பார்த்துவிட்டார். எத்தனை மையம் திறந்தாலும் இந்தியாவில் எல்லோருக்கும் டயாலிசிஸ் கொடுத்து மாளாது, டயாலிசிஸ் அறைக்கு வரும் கூட்டத்தை வாசலுக்கு முன்பே குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மூலம் சென்னைக்கு அருகே சில கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 25,000 பேர். டாக்டர்களை அங்கே அனுப்பி வீடு வீடாகப் பார்க்க முடியாது. அதனால் அந்த ஊர்களிலேயே பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சோதிப்பது, அவ்வளவுதான். சோதனைக்கு விலை உயர்ந்த பட்டைகள் கிடையாது. பள்ளி வேதியியல் கூடத்தில் நீங்கள் பார்த்த அதே பெனடிக்ட் கரைசல், புரதத்துக்கு சல்ஃபோசாலிசிலிக் அமிலம்.

சர்க்கரையோ அழுத்தமோ அதிகம் என்று தெரிந்தவர்களை டாக்டர் பார்ப்பார். விலை குறைந்த பழைய மருந்துகளே கொடுக்கப்படும். நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அதே பெண் மறுபடி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். ஆண்டுக்கு ஒரு கிராமவாசிக்கு ஆன செலவு சில ரூபாய்கள்தான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுக்குள் வந்ததை மணியும் அவர் குழுவும் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். வெளிநாட்டுச் சிறுநீரக மருத்துவர்களும் அதைக் கவனித்துப் பேசினார்கள்.

உங்கள் நிறுவனம் வருடா வருடம் செய்துதரும் உடல் பரிசோதனை அறிக்கை மெயிலில் கிடக்கும். அதில் கிரியேட்டினின் என்று ஒரு வரி, சிறுநீரில் ஆல்புமின் என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கிராமங்களில் ஒரு பெண் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதியதும் ஏறக்குறைய அந்த இரண்டாவது வரியைத்தான்.